மதுரைக்குள்ளே 10,000 ரூபாய்க்குள் வாடகை வீடு: எங்கே தேடலாம், எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு டவுன்ஹால் ரோடு பக்கம் கடையில் வேலை. உங்களுக்குப் பெரியாஸ்பத்திரியில் (அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி) நர்ஸ் வேலை, மாறி மாறி ஷிப்ட். பையன் நாலாவது படிக்கிறான். வீட்டில் ஒரு பைக். வாடகை 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆவணியில் பணியில் சேர வேண்டும். ஊருக்கு நடுவிலேயே அபார்ட்மென்ட் கிடைக்குமா, சொந்தக்காரர் ஒருவர் "பேசாம ஒத்திக்குப் போயிரு" (மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது) என்கிறாரே, அது சரிப்படுமா? இதுதான் கேள்வி.

வீடு கிடைக்கும். அபார்ட்மென்ட்தான் வேண்டும் என்றால் இடம் குறைவு. காரணம் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டடம் கட்டக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. அதனால் மாசி வீதிகள், வெளி வீதிகள் பக்கம் அடுக்குமாடி பெரிதாக வளரவில்லை. அதற்குப் பதிலாக இருப்பவை பழைய வீடுகள். அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் ஒரு வீடு மூன்றாகி, மாடியில் ஒரு போர்ஷன் ஏற்றி, பின்கட்டை மறித்துத் தனி வாசல் வைத்தது போக, நம்ம ஊருக்கே உரிய காம்பவுண்டு வீடுகளும் இருக்கின்றன. வளவு என்றும் சொல்வார்கள். தெருவிலிருந்து ஒரு குறுகலான முடுக்கு, அதற்குள் இரண்டு பக்கமும் ஆறு, எட்டு குடித்தனம், நடுவில் குழாயடி. நடு ஊரில் மலிவான வாடகை என்றால் அது பெரும்பாலும் இந்த இரண்டு வகையில்தான் அகப்படும். இவற்றின் போட்டோ எந்த ஆப்பிலும் வராது.

எந்த ஏரியா என்பதற்கு முன்னால் வைகைக்கு எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள். உங்கள் ஆஸ்பத்திரி வடகரை, அவர் கடை தென்கரை. நடுவில் 1880களில் கட்டிய ஏ.வி. பாலம். ஆற்றைக் கடப்பது பெரிய தூரமில்லை, சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் காலையும் மாலையும் பாலத்தின் இரண்டு முனையிலும் வண்டி நகராது. என் கணக்கு இது: அவர் வேலைக்கு நேரம் நிலையானது, பைக்கும் அவரிடம் இருக்கும். ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வருவது நீங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை, சரி. ஷிப்ட் மாறும் நேரத்துக்கெல்லாம் பஸ் நிற்குமா? அதனால் ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தை மையமாக வைத்துத் தேடத் தொடங்குங்கள், அவர் கடை இரண்டாவது.

அப்படிப் பார்த்தால் வடகரையில் கோரிப்பாளையம், செல்லூர், நரிமேடு, பீபிகுளம். சொக்கிகுளம், தல்லாகுளம், ரேஸ்கோர்ஸ் பக்கம் உங்கள் தொகைக்கு ஒரு அறை வேண்டுமானால் அகப்படும், குடும்ப வீடு சிரமம். அண்ணா நகர், கே.கே. நகரை விட்டுவிடுங்கள், டாக்டர்களும் கோச்சிங் சென்டர்களும் சேர்ந்து வாடகையை ஏற்றிவிட்டார்கள். நரிமேடும் பீபிகுளமும் நடுத்தரம். ஒரு பெட்ரூம், ஹால், சமையலறை உள்ள மாடி போர்ஷன் 8,000-லிருந்து 10,000-க்குள் தேடினால் அமையும். செல்லூர் அதைவிடக் குறைவு. கைத்தறித் துண்டு நெய்த தெருக்கள், தெருவெல்லாம் ஜனம், கடை கண்ணி எல்லாம் காலடியில். எனக்குப் பிடித்த ஏரியா.

ஆனால் செல்லூர் தாழ்வான இடம். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய் நிறைந்து, பந்தல்குடி வாய்க்கால் பொங்கி, செல்லூர், நரிமேடு, பீபிகுளம் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆகவே இந்தப் பக்கம் கீழ் வீடு பார்த்தால், வாசல்படி தெருமட்டத்துக்கு மேலா கீழா என்று பாருங்கள். அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் புதுப் பெயின்ட், மேலே பழைய பெயின்ட் என்றால் ஏன் என்று கேளுங்கள். ஓனரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டில் கேட்பது நல்லது: "அன்னைக்கு மழையில இந்தத் தெருவுல எது வரைக்கும் வந்துச்சு?" ஆளாளுக்குக் கை வைத்து உயரம் காட்டுவார்கள். அதே தெருவில் மாடி வீடு என்றால் தயங்காமல் போகலாம், பைக்கை மட்டும் எங்கே ஏற்றி நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்கரையில் சிம்மக்கல், வடக்கு மாசி வீதிக்கு உட்பட்ட சந்துகள் உங்கள் இருவருக்குமே பக்கம். கீழமாசி வீதி, யானைக்கல் பக்கம் மாடி போர்ஷன் மலிவாகச் சொன்னால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். மளிகை, வெங்காயம் மொத்த வியாபாரம் அங்கே உண்டு, லாரி வந்து சரக்கு இறக்குவது ராத்திரியில்தான். பகலில் தூங்க வேண்டிய நர்ஸுக்குப் பகல் சத்தமும் கணக்கில் உண்டு, மறந்துவிடாதீர்கள். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் வண்டியே விட முடியாது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பார்கள். அது வரமா தொல்லையா என்பது அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது.

இன்னும் கிழக்கே மகால் தெருக்கள், முனிச்சாலை, காமராஜர் சாலை, தெப்பக்குளம். சில ஆண்டுகளாக வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து தெப்பக்குளத்தை நிரப்பி வைக்கிறார்கள், அதில் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலும் போர்களிலும் தண்ணீர் மேலே வந்திருக்கிறது. வாடகைக்கு வீடு தேடுபவருக்கு இது முக்கியமான செய்தி. தெற்கிலும் மேற்கிலும் கிருதுமால் ஓடுகிற ஓரத்தில் வீடு அமைந்தால் மட்டும் யோசியுங்கள். ஒரு காலத்தில் நதி, இன்றைக்குச் சாக்கடை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் அரை மணி நேரம் நின்றால் கொசுவே பதில் சொல்லிவிடும்.

அபார்ட்மென்ட்தான் என்று பிடிவாதமாக இருந்தால் எல்லீஸ் நகர் பாருங்கள். வீட்டு வசதி வாரியம் கட்டிய பழைய அடுக்குமாடிகள் அங்கே உண்டு, வாங்கியவர்கள் பலர் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். லிப்ட் எதிர்பார்க்காதீர்கள். அவர் கடைக்குப் பக்கம், உங்களுக்குத்தான் பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்து ஆற்றைக் கடக்க வேண்டும். எஸ்.எஸ். காலனி அமைதியான இடம், வாடகை ஒரு படி அதிகம். அரப்பாளையமும் மேலப்பொன்னகரமும் மில்லை ஒட்டி வளர்ந்த பகுதிகள், வரிசை வீடுகள் இன்னும் மலிவு. ஜெய்ஹிந்த்புரத்தைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். பேரை வைத்து ஒதுக்காதீர்கள், தெருவுக்குத் தெரு வித்தியாசம் இருக்கிறது, பெரியாரிலிருந்து பத்து நிமிடம்.

"நத்தம் ரோட்டுப் பாலம்தான் வந்திருச்சே, திருப்பாலை, ஊமச்சிகுளம் பக்கம் போனா இதே காசுக்கு ரெண்டு பெட்ரூம்" என்பார்கள். உண்மைதான். 2023-ல் திறந்த அந்தப் பறக்கும் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், தல்லாகுளத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். இரண்டு பைக் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரே பைக், ராத்திரி ஷிப்ட் என்னும்போது ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் வாடகை வித்தியாசம் கரைந்துவிடும்.

சரி, வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? நடந்துதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஏரியாவை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போங்கள். 'டூ லெட்' அட்டை தொங்கும் வீடுகள் பாதி, அட்டையே போடாத வீடுகள் பாதி. இரண்டாவது பாதி இஸ்திரி வண்டிக்காரருக்கும் பால் ஊற்றுபவருக்கும் மாவுக் கடைக்காரருக்கும் தெரியும். யார் காலி செய்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வரும். நீங்கள் ஆஸ்பத்திரியில் சேரப் போவது இன்னும் வசதி: அங்கே உடன் வேலை செய்யப் போகிற அக்காமாரிடம் கேட்டால் அவர்கள் காம்பவுண்டிலேயே ஒரு வீடு காலியாக இருக்கும். புரோக்கர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஒரு மாத வாடகை கமிஷன் கேட்பார்கள், நேரம் இல்லாதவருக்கு அது நியாயம்தான். வீட்டைக் காட்டவே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இணையத்தில் அழகான போட்டோ, வாடகையும் குறைவு, ஓனர் ராணுவத்தில் வெளியூரில் இருக்கிறாராம், டோக்கனை ஜிபேயில் போட்டால் சாவி கூரியரில் வருமாம். இந்தக் கதை எல்லா ஊரிலும் ஓடுகிறது. வீட்டைத் திறந்து உள்ளே நிற்காமல் ஒரு ரூபாய் போடாதீர்கள்.

வீட்டுக்காரர் முதலில் கேட்பதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். "என்ன வேலை, எத்தனை பேர்" என்று தொடங்கி, "கறி, மீன் எடுப்பீகளா?" என்று வந்து, கடைசியில் "நீங்க என்ன ஆளுக?" என்பார்கள். சிலர் அதை நேராகக் கேட்காமல் சொந்த ஊர், குலசாமி என்று சுற்றி வருவார்கள். கேட்கக் கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்கிறார்கள். பேரைக் கேட்டதும் "வீடு பேசியாச்சே" என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது. பொய் சொல்லி உள்ளே போகாதீர்கள், மாதாமாதம் முகத்தைப் பார்க்க வேண்டியவர். "ஆஸ்பத்திரியில நர்ஸ்ம்மா, வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துரும்" என்பதோடு நிறுத்திப் பாருங்கள். அதற்கு மேலும் தோண்டினால் அந்த வீடு வேண்டாம். உங்கள் வேலைக்கு இந்த ஊரில் மரியாதை இருக்கிறது, வேறு கதவு திறக்கும்.

இப்போது தண்ணீர். வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். மதுரையில் ஒரு வீட்டுக்கு இரண்டு தண்ணீர்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. மாநகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணி, போரில் வருவது பெரும்பாலும் உப்பு. குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? விடியற்காலையில் வருமானால், நீங்கள் ராத்திரி ஷிப்டில் இருக்கும் நாளில் யார் பிடிப்பது? தொட்டியில் தானாக ஏறுமா, குடத்தில் பிடித்து மாடிக்குத் தூக்க வேண்டுமா? மாடிக்குத் தூக்குவதானால் வாடகையில் ஐந்நூறு குறைத்துக் கேட்கலாம்.

காம்பவுண்டு வீடு என்றால் குழாயடியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். குடங்களில் பெயின்டில் எழுத்துப் போட்டு வரிசையாக வைத்திருந்தால் அங்கே முறை இருக்கிறது, சண்டை குறைவு. மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஓனர் வீட்டுக்குள் இருந்தால், அவர்கள் ஊருக்குப் போகும் நாளெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாளி நிரம்ப விடுங்கள், சுவரிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்பு கடுமை, தலைமுடியும் ஹீட்டரும் பாடுபடும். கழிவறை உங்களுக்கு மட்டுமா, பக்கத்து வீட்டோடு சேர்த்தா என்பதை வாய்விட்டுக் கேளுங்கள். "எல்லாம் இருக்கு" என்பதற்குள் நிறைய ஒளிந்துகொள்ளும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அதை எப்படிப் பங்கு போடுவார்கள் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

அடுத்து கரண்ட். வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. பெட்டிக்குள் இரண்டு மீட்டர் இருக்கும், ஒன்று மின்வாரியத்தினுடையது, மற்றது ஓனர் கடையில் வாங்கி மாட்டியது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மின்வாரிய மீட்டர் உங்களுக்கென்று இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு. ஓனரின் மீட்டர் என்றால் எல்லார் யூனிட்டும் ஒரே இணைப்பில் சேர்ந்து, 500 யூனிட்டைத் தாண்டி மேல் விகிதத்துக்குப் போய், உங்களிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதல் யூனிட்டிலிருந்தே வாங்குவார்கள். ஒரு பிரிட்ஜ், இரண்டு பேன், கோடையில் ஏசி என்று போட்டுப் பாருங்கள், மாதம் சில நூறு ரூபாய் அதிலேயே போகும். மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கினால் பாக்கி ஏதும் நிற்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பெட்டாஸ் கூரை போட்ட மாடி அறையை மட்டும் காலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். பகலில் தூங்க வேண்டியவர் நீங்கள்.

அட்வான்ஸ். 2017-ஆம் ஆண்டு கொண்டுவந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஊர் வழக்கம் ஐந்து மாதம், பத்து மாதம் என்று இருக்கிறது. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது, சொல்லாமல் இருந்தால் பத்து மாதம் கேட்பார்கள். "நாலு மாசம் தர்றோம்மா, சம்பளக்காரங்க" என்று பேசிப் பாருங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்கள், அதுவும் ஊர் வழக்கம். இரண்டு வருடம் இருந்தாலும் ஆறு மாதம் இருந்தாலும் அதே பிடிப்பா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பதினொரு மாத அக்ரிமென்ட் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பதிந்தால் பின்னால் தகராறு வரும்போது கையில் பிடி இருக்கும். வாடகைத் தகராறு என்று ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

ஒத்தி விஷயத்துக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பெருந்தொகையை ஓனரிடம் கொடுத்துவிட்டு, பேசிய காலம் வரை வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்குவது ஒத்தி. வேறு ஊர்களில் போக்கியம் என்பார்கள். கணக்குப் போட்டால் நமக்கு லாபம்தான். 5,00,000 ரூபாயை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 35,000, மாதம் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே பணத்துக்கு எட்டாயிரம் ரூபாய் வாடகை பெறும் வீடு கிடைக்கிறது என்றால், ஓனர் ஏன் ஒத்துக்கொள்கிறார்? அவருக்கு மொத்தப் பணம் உடனே தேவைப்படுகிறது. மகள் கல்யாணம், மாடி எடுப்பது, அல்லது வட்டிக் கடன். இதில் எது என்று விசாரிப்பதுதான் உங்கள் வேலை. மாடி எடுத்தவரிடம் மாடி இருக்கும். வட்டிக் கடனை அடைத்தவரிடம் அடுத்த கடன் இருக்கும்.

பணம் திரும்பி வருவதும் ஓனர் பையிலிருந்து வராது. அடுத்து ஒத்திக்கு வருகிறவர் கொடுக்கும் பணம்தான் உங்கள் கைக்கு வரும். ஆள் அமையவில்லை என்றால் நீங்கள் வேறு வீடு பார்த்த பிறகும் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு இடமாற்றம் வரக்கூடிய வேலை, அதனால் இது சாதாரண விஷயமில்லை. போவதென்றே முடிவு செய்தால், வீட்டின் வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள், பார்வையிடக் காசு இல்லை. பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கிப் பதிந்திருந்தால் அதில் தெரியும். மூலப் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள், ஜெராக்ஸ் போதாது. வீடு யார் பேரில், அண்ணன் தம்பிக்குப் பங்கு உண்டா, அவர்கள் கையெழுத்துப் போடுவார்களா என்று கேளுங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். செலவாகும் என்று ஓனர் இழுப்பார், பாதிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், வங்கி ஜப்தி என்று வரும்போது வெறும் முத்திரைத் தாளை வைத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். உங்கள் நிலையில் முதல் வருடம் வாடகைக்கே இருங்கள் என்பேன். ஊரும் தெருவும் பழகிய பிறகு, தெரிந்த ஓனரிடம் ஒத்தி பேசலாம். பாதி ஒத்தி, பாதி வாடகை என்றும் பேசிக்கொள்கிறார்கள், அது தோதாக இருக்கும்.

எல்லாம் பார்த்து நான் வரிசைப்படுத்தினால்: நரிமேட்டில் மாடி போர்ஷன், இல்லையென்றால் செல்லூரில் மேடான தெருவில் மாடி, அதுவும் அமையாவிட்டால் சிம்மக்கல் சந்துகள். அபார்ட்மென்ட் ஆசை விடவில்லை என்றால் எல்லீஸ் நகர்.

கடைசியாக நாள். ஆடியில் இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள், புரட்டாசியும் மார்கழியும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூடக் கணக்கு வைத்து எல்லோரும் அலைவார்கள், ஓனர் சொன்னதுதான் வாடகை. நீங்கள் ஆவணியில் சேர்வதால் ஆடியிலேயே வந்து பாருங்கள். ஆனியில் காலியான வீடு பூட்டிக் கிடக்கும், ஓனருக்கும் அட்டையைக் கழற்றினால் போதும் என்றிருக்கும், ஐந்நூறு ஆயிரம் குறைத்துப் பேசுவதற்கு அதுதான் சமயம். அப்போதே டோக்கன் கொடுத்து, ரசீது வாங்கி, ஆவணி முதல் தேதியிலிருந்துதான் வாடகைக் கணக்கு என்று எழுதச் சொல்லுங்கள், நிறையப் பேர் ஒத்துக்கொள்வார்கள். சாவியை ஒரு வாரம் முன்னால் வாங்கினால் வெள்ளையடிப்பையும் குழாய் ஒழுகலையும் அவர் செலவிலேயே முடித்துக்கொள்ளலாம். பால் காய்ச்சிக் குடி போன பிறகு கேட்டால், "பார்க்கலாம்மா" என்பதோடு நின்றுவிடும்.